ஒரே பைக்குள் இரண்டு பிரதி

2024 நவம்பர் கடைசி மழையில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சனங்கள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்குள் தண்ணீர், வயலுக்குள் தண்ணீர். காரைதீவுப் பக்கம் மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட ஒரு கிழமையில் "என்னுடைய படங்கள் போய்விட்டன" என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் என்ன படம் என்று கேட்பார்கள். கிணற்றுக் கப்பி, தயிர்ச் சட்டி, கம்பி போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் கதிரை, மீன்காரரின் ஐஸ் பெட்டி என்றால் சிரிப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு ஒன்றரை மாதம் தனியாகவே அலைந்தேன். இப்போது எழுதக் காரணம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர். ஊரிலுள்ள பழைய கடைப் பெயர்ப்பலகைகளை எல்லாம் படம் எடுத்துத் திரிவதாகச் சொன்னார். எங்கே சேர்த்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "போனிலதான் அக்கா" என்றார். அவருக்குச் சொல்லத் தொடங்கியது இவ்வளவு நீளமாகிவிட்டது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2022 ஜூனில். வீடு கல்லடியில், வேலை புளியந்தீவில், ஒரு கடைக்குக் கணக்கு எழுதுவது. ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லை. மாதக் கடைசியில் லீற்றர் 470 ரூபாவாக்கினார்கள், அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அப்பாவின் பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். ஸ்கூட்டியில் ஆறு நிமிடத்தில் தாண்டிப் போன தெருவைச் சைக்கிளில் போகும்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஒருநாள் காலை எரிவாயுக் கடைக்கு முன்னால் ஆள் இல்லாத வரிசை ஒன்று நின்றது. வெறும் சிலிண்டர்கள். ஒன்றோடு ஒன்று சங்கிலியால் கட்டி, பூட்டுப் போட்டு, தோளில் பெயின்றால் பெயர் எழுதி, நடுநடுவே இடம் பிடிக்க ஒரு கல், ஒரு சோடிச் செருப்பு. போனை எடுத்து நான்கு படம் எடுத்தேன். ஆட்களை எடுத்திருந்தால் கஷ்டப்படும் சனங்களின் படம் என்று வழக்கமாகப் போயிருக்கும். அந்தச் செருப்புச் சோடி எனக்கு ஆளைவிட அதிகம் சொன்னது. அன்றிலிருந்து சாமான்களையே எடுக்கத் தொடங்கினேன். ஆறு மாதம் போனில்தான் எடுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்லலாம், அப்போது யார் கேட்பார்கள்.

டிசம்பரில் சீட்டுக் காசு விழுந்தது. 118,000 ரூபாவுக்குப் பழைய கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாச் சொச்சமாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியிருந்த நேரம், பாவித்த கமராவுக்கும் புதியதின் விலை சொன்னார்கள். வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த லென்ஸ் 45 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனால் போகஸ் பிடிக்காது. கதிரை, கதவு, சைக்கிள் எல்லாம் எடுக்கலாம். மருதமுனையில் தறியில் அங்குமிங்கும் ஓடும் நாடாவை நிறைத்து எடுக்க ஏலாது. என் போன் அதைவிடக் கிட்டப் போகும். சின்னச் சாமான்களை எடுக்கப்போகிறவர் லென்ஸ் வாங்கும்போது விலைக்கு அடுத்ததாக எவ்வளவு கிட்டப் போகும் என்று கேட்க வேண்டும். நான் விலையை மட்டும் கேட்டேன். இன்னொன்று, பாவித்த லென்ஸ் என்றால் ஒரு பக்கத்தால் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். உள்ளே சிலந்திவலை மாதிரி ஏதும் தெரிந்தால் வாங்காதீர்கள். அந்தச் சிலந்திவலை என்ன என்பதை எனக்கு 2023 மாசி மாதம் படிப்பித்தது.

படங்கள் எல்லாம் பாலில் நனைத்தது மாதிரி மங்கலாக வரத் தொடங்கின. கண்ணாடியைத் துடைத்தேன், திரும்பத் துடைத்தேன், மங்கல் மாறவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்குள்ளே வெள்ளை நூல்கள். பங்கஸ். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரை விடாது, உடுப்பே அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அந்த அலுமாரிக்குள்தான் தோல் பையோடு கமராவை மூன்று மாதம் பூட்டி வைத்திருந்தேன், மழையில் நனையக்கூடாதென்று! உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போய்க் கழற்றித் துப்புரவாக்கக் கொடுத்தேன். கூலி 9,500 ரூபா, போக்குவரத்து வேறு, இரண்டு நாள் லீவு. ஒரு மூலையில் கண்ணாடியின் பூச்சைப் பங்கஸ் தின்றுவிட்டது, அது திரும்பி வராது என்றார் திருத்தியவர்.

இப்போது ரப்பர் விளிம்புள்ள பெரிய சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலம் ரோஸாகிவிட்டால் அது குடிக்கக்கூடியதைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கிக் காய வைத்துத் திரும்பப் பாவிக்கலாம். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன வட்டக் கருவி ஒன்றும் கிடக்கிறது. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நிம்மதி. அரிசிக்குள் வைக்கச் சொன்னவர்கள் பலர். அரிசியில் இருப்பது தூசி, அது கமராவுக்குள் போகும். அலுவலகத்தில் ஏசி இருப்பதால் இன்னொரு கோளாறு. குளிர் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி எல்லாம் வியர்க்கும். பைக்குள்ளேயே வைத்து இருபது நிமிடம் வெளிச் சூட்டுக்குப் பழக விட்டால் பிரச்சினை இல்லை.

கமரா கொழும்பில் கிடந்த மூன்று கிழமையும் வீணாகப் போகவில்லை. எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படத்தை அப்போதுதான் பார்த்தேன். வெறும் மிளகாய், ஆனால் முறுக்கிய முதுகு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் இருந்தது. அதைக் கழுவி ஒரு கறிமிளகாயை வைத்துப் போனில் எடுத்துப் பார்த்தேன். வெஸ்டனின் மிளகாய் வரவில்லை, மண்ணெண்ணெய் மணத்தோடு ஒரு கறிமிளகாய்தான் வந்தது. ஆனால் புனலின் வளைவு வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பும் வித்தை பிடிபட்டது. அதற்குப் பிறகு வீடுகளுக்குள் எடுக்கும்போது பிளாஷ் போடுவதை விட்டேன். நம்முடைய குசினிகள் இருட்டு, புகை படிந்த சுவர். சாமானை வாசலுக்கு இரண்டடி உள்ளே கொண்டுவந்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளைச் சாரத்தையோ பத்திரிகைத் தாளையோ பிடித்தால் போதும். வெளியே என்றால் காலை எட்டரைக்கு முதல், பின்னேரம் நாலரைக்குப் பிறகு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானத்தில் எடுத்த எதுவும் எனக்கு உருப்படவில்லை. குசினிக்குள் போனால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அதைத் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி கட்டாயம்.

இதெல்லாம் கருவியின் பாடம், சில மாதங்களில் பிடிபட்டுவிட்டது. ஆட்களின் பாடத்துக்குத்தான் காலம் எடுத்தது. சாமானைத்தானே எடுக்கிறோம், ஆளை எடுக்கவில்லையே, யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு கிடுகு வேலி, வெயிலில் வெள்ளியாக வெளிறி, நடுவில் புதிய பச்சைக் கிடுகு ஒன்று ஒட்டுப் போட்ட மாதிரி. நான்கைந்து தரம் எடுத்திருப்பேன். ஒரு ஐயா படலையைத் திறந்துகொண்டு வந்தார். "எங்கட வேலிய ஏன் புள்ள எடுக்கிறாய்? ஆரு அனுப்பின?" அழகாக இருக்கிறது என்றேன். அவருக்குக் கோபம் கூடியது. பக்கத்துக் காணிக்காரரோடு எல்லை வழக்கு நடக்கிறதாம், வேலியைத் தள்ளிப் போட்டதாகச் சொல்ல நான் படம் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு அது வேலி, அவருக்கு அது நீதிமன்றம். எடுத்ததை அவர் கண்முன்னே அழித்துவிட்டு வந்தேன். யுத்த காலத்தில் ஒரு வீட்டைப் படம் எடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த ஆட்கள் வாழும் ஊர் இது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, அதன் மதிலை எடுத்தாலும் யாராவது வந்து விசாரிப்பார்கள். விசாரிக்கத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒரு தரம் கெட்டேன். 2024 நடுப்பகுதி. ஒரு இரும்புக் கேற்றில் தொங்கிய பூட்டு, துரு ஏறி மாதுளம்பழம் மாதிரி சிவந்திருந்தது. லென்ஸை முழுதாகத் திறந்து வைத்து எடுத்தேன், பூட்டு மட்டும் தெளிவு, பின்னால் எல்லாம் கலங்கல். கமராவில் கலங்கியது என் கண்ணிலும் கலங்கிவிட்டது. மதிலுக்குப் பின்னால் காவல் கோபுரம் இருந்ததை நான் பார்க்கவேயில்லை. இரண்டரை மணித்தியாலம் ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். அடையாள அட்டையைப் பிரதி எடுத்தார்கள். எங்கே வேலை, யார் சம்பளம் தருவது, பூட்டை எடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யாரும் கை வைக்கவில்லை, கத்தவுமில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். ஒரு மாதம் கமராவைத் தொடவில்லை. இப்போது என் பழக்கம், கமராவைக் கண்ணில் வைப்பதற்கு முதல் அந்த இடத்திலேயே நின்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. சீருடை, முட்கம்பி, மணல் மூட்டை ஏதும் தெரிந்தால் எவ்வளவு அழகான பூட்டாக இருந்தாலும் நடையைக் கட்டுவது. அடையாள அட்டையும், வேலை செய்யும் இடத்தின் அட்டையும், ஏற்கனவே எடுத்த படங்கள் பத்துப் பதினைந்தும் கையில் இருக்க வேண்டும். தயிர்ச் சட்டியின் படத்தைக் காட்டினால் சந்தேகம் பாதி கரைந்துவிடும், இவள் கொஞ்சம் கழன்றவள் என்று விட்டுவிடுவார்கள்.

கேட்டு எடுத்த இடங்களில் கிடைத்ததோ வேறு உலகம். பெண்பிள்ளை என்பதால் தோணிக்கரையில் வெறித்துப் பார்ப்பார்கள், ஆனால் குசினிக்குள் நேரே கூட்டிப் போவார்கள். மருதமுனையில் தறியில் இருந்த ஒரு வயதானவர், "எடுங்க மகள், ஆனா உங்களுக்காகத் தறி நிக்காது" என்றார். குருக்கள்மடத்திலிருந்து பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறி அம்பிளாந்துறைக்குப் போய் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் திரிந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. மீன் பிடிக்கும் கரப்பு, அத்தாங்கு, மீன் போடும் உமல், எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்த பலகை, முதிய பெண் ஒருவர் தேங்காய் துருவும் திருவலை. அந்தத் திருவலையின் அலகு தேய்ந்து பிறைநிலா ஆகியிருந்தது, இருந்து இருந்து பலகை வழுவழுத்துப் போயிருந்தது. பதினொரு படம் எடுத்தேன். யார் செய்தது, எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். இரண்டு வருடமும் எல்லாவற்றையும் பிறகு கேட்கலாம் என்றே விட்டிருந்தேன். படத்தின் பெயர் என்ற இடத்தில் கமரா போட்ட எண் மட்டும் இருந்தது.

வருகிறேன், அந்த இரவுக்கு. நான் அசட்டையாக இருந்தவள் அல்ல. படங்கள் மடிக்கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி. மொத்தம் ஏறத்தாழ 6,300. கணக்குக்காரிக்கு இரட்டைப் பதிவு தெரியாதா? மழை மூன்றாம் நாளும் விடாமல் பெய்தது, முற்றத்துத் தண்ணீர் படியைத் தொட்டுவிட்டது. இரண்டையும் ஒரு பெரிய துணிப் பைக்குள் போட்டு, நிலத்திலிருந்து உயரமாக இருக்கட்டும் என்று அலுமாரியின் மேல் வைத்தேன். தண்ணீர் கீழிருந்து வரும் என்றுதானே எல்லோரும் பயப்பட்டோம். இரவு காற்றில் முற்றத்துத் தென்னையிலிருந்து தேங்காய் ஒன்று கூரைத்தகட்டை உடைத்துக்கொண்டு விழுந்தது. சத்தம் கேட்டது. கரண்ட் இல்லை. தேங்காய் எங்கோ விழுந்திருக்கிறது என்று திரும்பிப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் அலுமாரிக்கு நேர் மேலே கைப்பிடி அளவு வானம். பையைத் தூக்கினால் பிழிந்த சாரம் மாதிரி ஒழுகியது.

அடுத்து நான் செய்த ஒவ்வொன்றும் பிழை. வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். கரண்ட் வந்ததும் மடிக்கணினியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் எரிந்தது, ஒரு மணம் வந்தது, அவ்வளவுதான். பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் தலைமுடி காய வைக்கும் கருவியால் அரை மணித்தியாலம் காய வைத்து, அயல் வீட்டுக் கணினியில் செருகினேன். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். இன்னும் இரண்டு தரம் செருகினேன், அதே சத்தம். கிழமை முழுக்கத் தெரிந்த கடைகளுக்கெல்லாம் கொண்டு போனேன், பார்த்தவர்கள் எல்லோரும் ஒருமுறை ஓட வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கொழும்பில் தரவு மீட்கும் ஒரு பெடியன், "ஓட வச்சீங்களா அக்கா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "காய வச்சீங்களா?" ஓம். "ரெண்டுமே செய்யாம வந்திருக்கணும்." தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள உப்பும் மண்ணும் உள்ளேயிருக்கும் தட்டில் படிந்துவிடும். அதன்மேல் தட்டை வாசிக்கும் தலை ஓடினால் தட்டைச் சுரண்டும். நனைந்தது நனைந்தபடியே பைக்குள் கட்டிக் கொண்டு வந்திருந்தால் மீட்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றான். பார்வைக் கூலி 5,000 ரூபா. மீட்க முயற்சிப்பதற்கு 85,000, வரும் என்று உத்தரவாதம் இல்லை. என்னிடம் அது இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேனா என்று தெரியாது, ஒரு கப்பியின் படத்துக்கு 85,000 என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது. திரும்பி வந்த ரயிலில் வாழைச்சேனை தாண்டும் வரை யன்னலைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் இருந்தவர் சாவீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து ஒரு வாழைப்பழம் தந்தார்.

மிஞ்சியவை இரண்டு மெமரி கார்ட். ஒவ்வொரு முறையும் படங்களை மாற்றிவிட்டு கார்ட்டை அழித்துவிடுவேன், ஆகவே அவை வெறுமை என்றே நினைத்திருந்தேன். அழித்தாலும் அந்த இடத்தில் புதியது எழுதப்படும் வரை பழையது கிடக்கும் என்று பிறகு அறிந்தேன். போட்டோரெக் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. கார்ட்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல், மீட்பதை அதே கார்ட்டில் சேமிக்காமல் வேறு இடத்தில் சேமித்தால் சிலவற்றை எடுக்கலாம். எனக்கு 212 வந்தன. பெயரில்லாமல் வெறும் எண்களாக, பெரும்பாலும் கடைசி மாதங்களில் எடுத்தவை. அதற்குள் பார்த்தால் சிவந்த பூட்டு! அன்று வாங்கில் இருந்து அவர்கள் முன்னால் அழித்த அதே படம். நல்ல படம்தான். திரும்ப அழித்தேன், இந்தமுறை கொஞ்சம் யோசித்துவிட்டு.

தைப்பொங்கலை ஒட்டி ஒரு நிகழ்வில் இருபது படம் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். 12க்கு 18 அங்குலத்தில். சட்டங்களுக்கு 14,000 ரூபா முற்பணம் கட்டியிருந்தேன். அக்கரைப்பற்றில் இருக்கும் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் நல்ல படங்களை அனுப்பிக்கொண்டே இருப்பேன், அவளிடம் 57 இருந்தன. கடவுளே என்று கும்பிட்டேன். ஆனால் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், அவளிடம் இருந்தவற்றின் நீளப்பக்கம் 1600 புள்ளி. நல்லாக அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். கணக்குப் போட்டால் ஐந்தே கால் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 18 அங்குலத்துக்கு 5400 புள்ளி வேண்டும். போனில் பளபளத்த திருவலை பெரிதாக்கியதும் சேற்றில் போட்டது மாதிரி ஆனது. கார்ட்டில் மீண்டதில் ஆறு படம் மட்டும் வைத்தேன். முற்பணம் திரும்பவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள், சுருங்காது.

போய் திரும்ப எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். போனேன். கப்பி இருந்த கிணற்றுக்கு மூடி போட்டு மோட்டர் வைத்துவிட்டார்கள், கப்பி பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது. தயிர்ப் பலகையில் பாதிச் சட்டி, பாதி பிளாஸ்டிக் கோப்பை. கம்பி போட்ட கதிரை வெள்ளத்தோடு போயிற்றாம், அதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டுக்காரி புதுக் கதிரையில் என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். இப்படித் திரிந்தபோதுதான் காத்தான்குடியில் ஒரு ராத்தா வீட்டுச் சுவரில் என் படம் தொங்குவதைக் கண்டேன். அவர்களுடைய இடியப்ப உரல். லேமினேட் செய்து, மெக்காப் படத்துக்குக் கீழே. எப்போதோ 4க்கு 6 அளவில் ஒன்று கழுவிக் கொடுத்திருந்தேன், கொடுத்ததையே மறந்துபோனேன். பழைய பில்களைத் தேடிப் பார்த்தேன். இரண்டரை வருடத்தில் 64 படம் கழுவிக் கொடுத்திருக்கிறேன், ஒன்று 60 ரூபாப்படி. வெறும் 64. ஒரு உலக்கையின் படம் யாருக்கு வேண்டும் என்ற எண்ணத்தில் கேட்டு நச்சரித்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது.

வீடு வீடாகப் போய் 38ஐத் திரும்பப் படம் பிடித்தேன். சில கறையான் தின்றது, சில வெள்ளத்தில் போனது, ஒன்றைப் பேரப்பிள்ளை வெட்டி ஒட்டு வேலைக்குக் கொடுத்துவிட்டது. மீன்காரர் தன் ஐஸ் பெட்டியின் படத்தை அந்த ஐஸ் பெட்டியிலேயே டேப்பால் ஒட்டியிருந்தார். கழுவிய படத்தைத் திரும்ப எடுப்பதில் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுங்கள், வாசல் நிழலில் தட்டையாக வையுங்கள், போனைச் சாய்க்காமல் நேர் மேலே பிடியுங்கள். தருவார்கள் என்றால் கொமினிகேஷன் கடையில் 600 புள்ளியில் ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். நான் ஒன்றை மறுநாள் கொடுக்கிறேன் என்றபோது அந்த வீட்டார் முகம் மாறியதைப் பார்த்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். சாமானை எடுத்துக்கொண்டு நின்றபோது ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கதைத்தார்கள். யார் வாங்கியது, என்ன விலை, யார் சீதனமாகக் கொண்டுவந்தது. வருடம் கேட்டால் இங்கே வயதானவர்கள் எண் சொல்ல மாட்டார்கள், சூறாவளிக்கு முதலா பிறகா, சுனாமிக்கு முதலா பிறகா என்றுதான் சொல்வார்கள். 1978 நவம்பர் 23, 2004 டிசம்பர் 26 என்று நான் எழுதிக்கொள்வேன். இப்போது படம் எடுத்த மாதத்துக்குள் ஒரு பிரதி கழுவிக் கொடுத்துவிடுகிறேன், கொடுக்கும்போது கேட்டு எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க் ஒன்று என் வீட்டில், ஒன்று அக்கரைப்பற்றில் தங்கச்சி வீட்டில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் மாற்றிக்கொள்வோம். நல்லவை என்று தெரிந்த சிலநூறு மட்டும் இணையச் சேமிப்பில்.  கூரைக்கும் தகடு மாற்றியாயிற்று, தென்னையை அம்மா வெட்ட விடவில்லை.

திருவலை வைத்திருந்த அந்த முதிய பெண், பெத்தாவின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன், இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில். திருவலை இல்லை. அலகு உடைந்துவிட்டது, கடையில் தேங்காய்ப்பூ மெசினில் துருவி வாங்குகிறார்களாம். "படம் கிடக்கு மகள், இரு" என்று உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பைலைக் கொண்டுவந்தார். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், அவற்றுக்கு நடுவில் என் படம், ஒரு மடிப்பு இல்லாமல். வாசலில் வைத்து எடுத்தேன். எடுத்து முடித்துத் திருப்பியபோது பின்பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து. பேத்தியைக் கொண்டு எழுதுவித்தாராம், மறந்துபோவேன் என்று.

"பெத்தாட திருவலை. சூறாவளியில விழுந்த பலாமரத்துப் பலகை. செஞ்சது பெத்தப்பா."

அந்தப் பக்கத்தையும் எடுத்தேன்.